"சும்மா ஜோக்தானே சார்?": நாஜிக் கருத்துப்படங்களை வகுப்பில் கையாள்வது எப்படி?

உயர்நிலை வகுப்பில் வரலாறு எடுக்கும் நம் பிள்ளைகள் ஹிட்லரின் ஜெர்மனியைப் படிக்கிறார்கள். அந்தக் காலத்துக் கருத்துப்படங்களும் அவர்கள் கண்ணில் படுகின்றன. தமிழ் வகுப்பில் படத்தைக் காட்டிக் கருத்துரைக்கச் சொல்லும்போதோ, வாட்ஸ்அப்பில் சுற்றும் மீம் ஒன்றைப் பற்றிப் பேசும்போதோ, யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சும்மா ஜோக்தானே சார்? இதுல என்ன இருக்கு?"

நியாயமான கேள்விதான். அதற்கு அறிவுரையாகப் பதில் சொன்னால் எடுபடாது. படம் எப்படி வேலை செய்தது என்று விளக்கினால் எடுபடும். அதற்கான குறிப்புகள் இவை.

தெருவில் ஒட்டிய பத்திரிகை

1923-இல் நூரெம்பர்க் நகரில் யூலியுஸ் ஸ்ட்ரைஷர் என்பவர் 'டெர் ஸ்டூர்மர்' என்ற வார இதழைத் தொடங்கினார். யூதர்மீது வெறுப்பைப் பரப்புவதுதான் அதன் முழுநேர வேலை. 1925 முதல் 'ஃபிப்ஸ்' என்ற புனைபெயரில் பிலிப் ரூப்ரெஹ்ட் அதற்குப் படம் வரைந்தார். வளைந்த மூக்கு, தடித்த உதடு, பருத்த உடல், பேராசைக் கண்கள். வாரம் தவறாமல் அதே முகம். சில சமயம் மனித முகம்கூட இருக்காது. சிலந்தி, பாம்பு, ஒட்டுண்ணி என்று வரைந்துவிடுவார்கள்.

காசு கொடுத்து வாங்கினவர்கள் மட்டும் அதைப் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தம், சந்தை, தொழிற்சாலை வாசல் என்று ஆள் கூடும் இடங்களில் கண்ணாடிப் பெட்டி வைத்து இதழை ஒட்டினார்கள். நீண்ட கட்டுரையைப் படிக்க நேரம் வேண்டும். படத்துக்கு இரண்டு விநாடி போதும். 1936-இல் பெர்லினில் ஒலிம்பிக் நடந்தபோது வெளிநாட்டு விருந்தினர் கண்ணில் படாமல் இருக்க இந்தப் பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். செய்வது தப்பு என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மாணவர்களிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ஒரு படத்தில் யூதர் பணமூட்டையுடன் உலகத்தையே விலைக்கு வாங்கும் முதலாளி. அடுத்ததில் முதலாளிகளை ஒழிக்க வந்த கம்யூனிஸ்ட். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? முடியாது. ஆனால் படம் வாதம் செய்வதில்லை, அதனால் முரண்பாடும் உறுத்துவதில்லை. வேலை போனவருக்கு ஒரு படம், கம்யூனிசத்துக்குப் பயந்தவருக்கு இன்னொரு படம். குற்றவாளி மட்டும் ஒருவரே. 1933-இல் ஜெர்மனியில் இருந்த யூதர்கள் சுமார் ஐந்து இலட்சம் பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பல ஜெர்மானியர்களுக்கு யூதர் என்றால் அந்தப் படத்து மனிதர்தான். பக்கத்து வீட்டு மனிதர் இல்லை.

ஆசிரியர் கை வழியாக

நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. 1936-இல் ஸ்ட்ரைஷரின் பதிப்பகம் ஒரு படப்புத்தகம் வெளியிட்டது. எழுதிய எல்விரா பவர், மழலையர் பள்ளி ஆசிரியை. யூத ஆசிரியரும் யூதப் பிள்ளைகளும் பள்ளியிலிருந்து வெளியேற்றப்படுவதையும் மற்றப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பதையும் அதில் ஒரு படம் காட்டுகிறது. 1938-இல் 'நச்சுக்காளான்' என்ற சிறுவர் நூல் வந்தது. படங்கள் ஃபிப்ஸ் வரைந்தவை. அதிலே ஒரு வகுப்பறைக் காட்சி. கரும்பலகைக்கு வந்து நிற்கும் பையன், யூதரின் மூக்கு 'ஆறு' என்ற எண்ணைப் போல இருக்கும் என்று விளக்குகிறான். ஆசிரியர் பாராட்டுகிறார்.

அதே 1938 நவம்பரில் யூதப் பிள்ளைகள் ஜெர்மன் அரசுப் பள்ளிகளில் படிக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. படத்தில் சிரித்துக்கொண்டே செய்தது, இரண்டே ஆண்டில் சட்டமாகிவிட்டது. பின்னர் நடந்த படுகொலையில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். படம் மட்டுமே அதைச் செய்யவில்லை. சட்டம், காவல்துறை, இராணுவம் எல்லாம் சேர்ந்துதான் செய்தன. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை இழுத்துப் போனபோது பலர் பேசாமல் நிற்க, அந்தப் படங்கள் மனத்தைப் பழக்கி வைத்திருந்தன. நூரெம்பர்க் நீதிமன்றம் ஸ்ட்ரைஷருக்கு மரண தண்டனை விதித்தது. தன் கையால் யாரையும் கொன்றதற்காக அல்ல, கொலைக்குத் தூண்டியதற்காக. 1946 அக்டோபர் 16-ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

கேலி எல்லாமே தப்பா?

இல்லை. பாரதியார் தமது 'இந்தியா' இதழில் கருத்துப்படங்களை வெளியிட்டார். அவை ஆங்கிலேய ஆட்சியைச் சாடின. லண்டன் பத்திரிகைகளில் டேவிட் லோ ஹிட்லரைக் கிண்டல் செய்து வரைந்தார். இவர்கள் கேலி செய்தது அதிகாரத்தில் இருப்பவர்கள் செய்த செயலை. ஃபிப்ஸ் கேலி செய்தது மனிதர்களின் பிறப்பை. செயலை மாற்றிக்கொள்ளலாம், பிறப்பை மாற்ற முடியுமா? இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

தேக்காவிலிருந்து தொடங்கலாம்

இந்தப் பாடத்தில் ஓர் ஆபத்து உண்டு. நம் பிள்ளைகளில் பலர் யூதர் ஒருவரைக்கூடச் சந்தித்திருக்க மாட்டார்கள். முதன்முதலில் அவர்கள் பார்க்கும் யூத முகம் ஃபிப்ஸ் வரைந்ததாக இருந்தால், அவருடைய வேலையை நாமே செய்து கொடுத்ததாக ஆகிவிடும். ஆகவே முதலில் மனிதர்களைக் காட்டுங்கள். படம் பிறகு வரட்டும்.

சிங்கப்பூரில் இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டியுள்ள பெலிலியோஸ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வணிகம் செய்த யூதர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. தேக்காவிலிருந்து சிலிகி சாலைக்குத் திரும்பும் முனையில் 1924 என்று பொறித்த எல்லிசன் கட்டடம்; அண்ணாந்து பார்த்தால் ஆறுமுனை நட்சத்திரம் தெரியும். அதைக் கட்டியவரும் யூதர். இன்னும் கொஞ்சம் நடந்தால் வாட்டர்லூ தெரு. அங்கே ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் இருக்கும் தெருவிலேயே 1878-இல் எழுந்த மகேன் அபோத் யூதத் தொழுகைக்கூடமும் இருக்கிறது.

ஜப்பானியர் காலத்தில் இங்கிருந்த யூதர்களும் தப்பவில்லை. 1943-இல் யூத ஆண்கள் பலர் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்கள். பிறகு பெண்களும் குழந்தைகளும்கூட சைம் சாலை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்த டேவிட் மார்ஷல் என்ற யூத வழக்கறிஞர், 1955-இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானார். இவ்வளவையும் கேட்ட பிறகு படத்தைப் பார்க்கும் பிள்ளை, "இவங்க அப்படி இல்லையே!" என்று தானே சொல்லும்.

நான்கு கேள்விகள்

படத்தைத் திரையில் காட்டிவிட்டு இவற்றைக் கேளுங்கள்:

1. இது ஒருவரின் செயலைக் காட்டுகிறதா, பிறப்பையா?
2. உடலின் எந்தப் பகுதியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்? ஏன்?
3. மனிதருக்குப் பதில் விலங்கோ பூச்சியோ இருக்கிறதா? பூச்சியைக் கண்டால் நாம் என்ன செய்வோம்?
4. இதை வரைந்தவருக்கு என்ன லாபம்? யாரைப் பயமுறுத்தப் பார்க்கிறார்?

ஒரு படம் போதும். அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டாம். "இதே மாதிரி வரை" என்ற பயிற்சி அறவே வேண்டாம்.

கேட்கப்படும் கேள்விகள்

காஸாவைப் பற்றிக் கேட்பார்கள். தட்டிக் கழிக்க வேண்டாம். முதல் கேள்வியையே திருப்பிக் கேளுங்கள். ஓர் அரசின் செயலைக் கண்டிக்கும் படம் வேறு. அதே படத்தில் வளைந்த மூக்கும் இரத்தம் குடிக்கும் வாயும் வந்தால் அது செயலை விட்டுப் பிறப்புக்குத் தாவிவிட்டது. முஸ்லிம்களையும் பாலஸ்தீனர்களையும் வரையும் படங்களுக்கும் இதே அளவுகோல்தான்.

"நமக்கு இதுல என்ன சார்?" என்றும் கேட்கலாம். 2019 ஜூலையில் சிங்கப்பூரில் வந்த ஒரு மின்னிலக்கக் கட்டணச் சேவை விளம்பரத்தில், சீன நடிகர் ஒருவர் முகத்தைக் கறுப்பாக்கி, முத்துசாமி என்ற பெயர் அட்டையுடன் தோன்றினார். எதிர்ப்பு எழுந்தது, விளம்பரம் மீட்டுக்கொள்ளப்பட்டது. நாஜிப் பத்திரிகையையும் இதையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ஆனால் தன் நிறமும் பெயரும் சிரிப்புப் பொருளாவது எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தவர்களிடம் இன்னொன்றையும் கேட்கலாம்: ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் படங்கள் இந்த நான்கு கேள்விகளில் தேறுமா?

ஜூலை 21 இன நல்லிணக்க நாளை ஒட்டி இரண்டு பாடவேளைகளில் இதை நடத்தலாம். முதல் வேளையில் தேக்கா வரைபடமும் மனிதர்களின் கதையும். இரண்டாவதில் படமும் நான்கு கேள்விகளும். இறுதியில் பிள்ளைகள் தங்கள் கைப்பேசிக்கு வந்த மீம் ஒன்றை எடுத்து, அதை அடுத்தவருக்கு அனுப்புவார்களா மாட்டார்களா, ஏன் என்று ஐந்து வரி எழுதட்டும்.