பூல் ஆட்டத்தில் ரேட்டிங்: மேஜை மாறினால் திறமை மாறுமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் வீட்டில் உள்ளவர்கள் முதலில் திறப்பது ஏதாவது ஒரு கேம்தான். இடைசெவலில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அக்கா மகன் பிடித்துக்கொண்டது பூல் கேம். மவுஸில் ஆடிப் பழகியவன், பிறகு கோவில்பட்டியில் ஒரு கடையில் இருந்த நிஜமான 7 அடி மேஜையில் நண்பனோடு ஆட ஆரம்பித்தான். யார் ஜெயித்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தும் வந்தான். 60 ஆட்டங்களில் இவனுக்கு 40, நண்பனுக்கு 20.

ஒருநாள் இருவரும் மதுரைக்குப் போய் 9 அடி மேஜையில் 12 ஆட்டம் ஆடினார்கள். ஆளுக்கு 6. "மாமா, நான் இனிமே ஆடப் போறதில்ல. சின்ன மேஜையிலதான் எனக்கு வருது" என்றான். நானும் யோசிக்காமல், "அப்போ இவ்வளவு நாள் ஜெயிச்சதெல்லாம் சும்மாதானால?" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிப்போயிற்று. நான் சொன்னது சரியா என்று பிறகு எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறேன். உங்களுக்கும் எளிதாக வரும்.

ரேட்டிங் என்றால் என்ன?

ரேட்டிங் என்பது ஓர் ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண். பள்ளிக்கூட மார்க் மாதிரி நூற்றுக்கு இத்தனை என்று இதைப் பார்க்கக் கூடாது. இரண்டு பேரின் எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். செஸ்ஸில் பயன்படும் ஈலோ ரேட்டிங்கில் 400 புள்ளி வித்தியாசம் என்றால் வெற்றி வாய்ப்பு 10க்கு 1. பூல் ஆட்டத்துக்கு அமெரிக்காவில் உருவான ஃபார்கோ ரேட்டிங் இன்னும் எளிது. 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் 2க்கு 1. 200 புள்ளி என்றால் 4க்கு 1. உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்கள் இதில் 800க்கு மேல் இருக்கிறார்கள்.

எக்ஸெலில் செய்து பாருங்கள்

1. புதிய ஒர்க்‌ஷீட்டைத் திறந்து, முதல் செல்லில் 500 என்றும் அடுத்த செல்லில் 400 என்றும் டைப் செய்யுங்கள். இவை இரண்டு ஆட்டக்காரர்களின் ரேட்டிங்.

2. மூன்றாவது செல்லில் =2^(( என டைப் செய்து, 500 உள்ள செல்லை மவுஸால் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறி போட்டு 400 உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். பிறகு )/100) என முடித்து என்டர் தட்டுங்கள். விடை 2 என வரும்.

3. நான்காவது செல்லில் = குறி போட்டு மூன்றாவது செல்லைக் கிளிக் செய்யுங்கள். /( என டைப் செய்து, மீண்டும் அதே செல்லைக் கிளிக் செய்யுங்கள். +1) என முடித்து என்டர் தட்டுங்கள். 0.67 என்பது போல வரும். அதாவது 100 ஆட்டத்தில் 67 வெற்றி.

இப்போது 400ஐ 450 ஆக்கினால் வெற்றி 59 ஆகக் குறையும்; 300 ஆக்கினால் 80 ஆக ஏறும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதையே செய்யலாம்.

எங்கள் பையனின் 40க்கு 20 என்பது 2க்கு 1. ஆகவே 7 அடி மேஜையில் நண்பனைவிட அவன் சுமார் 100 புள்ளி மேலே இருக்கிறான்.

மேஜை என்ன செய்கிறது?

9 அடி மேஜையின் ஆடுகளம் 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். 7 அடி மேஜையில் சுமார் 78க்கு 39. பரப்பளவில் இது ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். பந்தின் அளவோ இரண்டிலும் ஒன்றே: 57 மில்லிமீட்டர்.

நீங்கள் அடித்த பந்து குறியிலிருந்து ஒரு டிகிரி விலகினால், 1 மீட்டர் ஓடியபின் 17 மி.மீ. தள்ளிப் போகும். 2 மீட்டர் ஓடினால் 35 மி.மீ. பெரிய மேஜையின் மூலை பாக்கெட் சுமார் 115 மி.மீ. அகலம். நடுவில் போகும் பந்துக்கு இருபுறமும் சுமார் 29 மி.மீ. இடம் மிஞ்சும். ஆகவே, அதே சிறு தவறோடு அடித்த பந்து 1 மீட்டர் தூரத்தில் உள்ளே விழும். 2 மீட்டர் தூரத்தில் பாக்கெட் ஓரத்தில் இடித்துத் திரும்பும்.

அப்படியானால் சிறிய மேஜை சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே 15 பந்துகள் குறைந்த இடத்தில் நெருக்கியடித்து நிற்கும். அவற்றைப் பிரித்து வழி உண்டாக்குவது தனித் திறமை. எனவே மேஜை மாறும்போது இரண்டு பேருக்கு இடையே உள்ள வித்தியாசம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

நம் ஊட்டி கிளப்போடு சேர்த்துப் பேசப்படும் ஸ்னூக்கரின் முழு மேஜை 12 அடி. அதன் பந்து 52.5 மி.மீ. தான். பூல் நன்றாக ஆடுகிறவரும் அங்கே போனால் முதலில் திணறுவது இதனால்தான்.

நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு தூரம் வைக்கிறார்கள். செஸ்ஸிலும் உலகச் சம்மேளனம் 2012 முதல் ரேபிட், பிளிட்ஸ் ஆட்டங்களுக்குத் தனித்தனி ரேட்டிங் வெளியிடுகிறது. 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது, அவருடைய பிளிட்ஸ் ரேட்டிங் கிளாசிக்கல் ரேட்டிங்கைவிட 100 புள்ளிக்கு மேல் குறைவாகவே இருந்தது. அதனால் யாரும் அவரைத் திறமை குறைந்தவர் என்று சொல்லவில்லை. ஃபார்கோ முறையிலோ எல்லா அளவு மேஜைக்கும் சேர்த்து ஒரே எண்தான்.

12 ஆட்டம் போதுமா?

நான் செய்த தவறு இங்கேதான். மேஜையைக் குறை சொல்வதற்கு முன் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பகடையை எடுங்கள். 1 முதல் 4 வரை விழுந்தால் பையன் வெற்றி. 5, 6 விழுந்தால் நண்பன் வெற்றி. இது சரியாக 2க்கு 1. இப்படி 12 தடவை உருட்டினால் பையனுக்கு 8 வெற்றி வர வேண்டும். ஆனால் 6 அல்லது அதற்கும் குறைவாக வருவதற்கு நூற்றுக்கு 18 தடவை வாய்ப்பு உண்டு. அதாவது, மேஜையே மாறாவிட்டாலும் ஐந்தாறு நாட்களில் ஒரு நாள் இப்படி நடக்கும்! ஃபார்கோ முறையில் 200 ஆட்டம் பதிவான பிறகுதான் ஒருவரின் ரேட்டிங்கை நிலைபெற்றது என்று ஏற்றுக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் திரையில் காட்டி, "நான் சொன்னது தப்புல. 12 ஆட்டத்துல ஒண்ணும் தெரியாது" என்றேன். அவன் பகடையை வாங்கி அரை மணி நேரம் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான். பிறகு நோட்டை மூடிவைத்துவிட்டு, எக்ஸெலில் தேதி, மேஜை அளவு, வெற்றி பெற்றவர் என்று மூன்று காலம் போட்டுக்கொண்டான். 9 அடி மேஜைக்குத் தனி ஷீட். அடுத்த முறை மதுரைக்குப் போக நாள் குறித்தாயிற்று.

உங்கள் வீட்டுப் பிள்ளை கேரம், செஸ், பூல் எதை ஆடினாலும் ஒரு பைல் திறந்து குறித்து வரச் சொல்லுங்கள். ஒருநாள் தோல்வியைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். எந்தக் களத்தில், எத்தனை ஆட்டம் என்று முதலில் கேளுங்கள். பைலை மறக்காமல் சேவ் செய்யுங்கள்!