கப்பலுக்கு வர்ணம் பூசுவோர்

விசாகப்பட்டினத்துக் கப்பல் தளத்தில் 1948 மார்ச் 14-ஆம் நாள் பண்டித நேரு அவர்கள் 'ஜல உஷா'வை நீரில் இறக்கி வைத்தார்கள். அந்நாள் தொட்டு, கப்பல் கட்டுவோர் என்றால் எஃகுத் தகட்டோடு போராடுவோரையே நாம் எண்ணுகிறோம். நங்கூரத்தையும் உந்துசுழலியையும் வார்ப்போரை வியப்போரும் உளர். வர்ணம் பூசுவோரை நினைப்பவர் மிகச் சிலரே. இது நியாயமன்று.

'புரொப்பெல்லர்' எனப்படும் உந்துசுழலியைப் பாருங்கள். பெரிய கப்பல்களுக்கு அதனை நிக்கலும் அலுமினியமும் கலந்த வெண்கலத்தில் வார்க்கின்றனர். நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு செம்பு. உருகிய உலோகம் கலங்காமல், அச்சின் அடியிலிருந்து அமைதியாக ஏறவேண்டும். துரிதப்பட்டால் மேலே படரும் மெல்லிய ஆடை உள்ளே மடிந்து, பின்னாளில் அவ்விடமே விரிசல் காணும். சுவாமிமலையில் ஐம்பொன் வார்ப்பதைக் கண்டவர்களுக்கு இப்பொறுமை புதிதன்று.

இத்துணை அருமையாக வார்த்த வெண்கலம், கடலில் தன் அண்டை வீட்டுக்காரனுக்குப் பகையாகிறது! உப்புநீரில் வெண்கலமும் எஃகும் சேர்ந்திருந்தால் மின்கலத்தில் நிகழ்வதே நிகழ்ந்து, எஃகு கரையும். துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி, எஃகுக்குப் பதில் அவை கரையுமாறு செய்வர். எனினும் முதற்காவல் வர்ணமே.

துருவை வீச்சுத் துகளால் போக்கியபின், மீண்டும் துரு ஏறுமுன் முதற்பூச்சு முடியவேண்டும். அவ்வளவு பெரிய பரப்புக்குத் தூரிகை ஈடுகொடாது. ஆகவே 'ஏர்லெஸ் ஸ்பிரே' வந்தது. இதில் காற்று பம்பை மட்டுமே இயக்கும்; வர்ணத்தோடு கலவாது. பம்பின் விகிதம் 45-க்கு 1 எனில், 5 பார் காற்று வர்ணத்தை 225 பார் அழுத்தத்திற்கு உயர்த்திவிடும். மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ள அழுத்தத்தைப்போல் இது ஏறக்குறைய 100 மடங்கு. அது வெளிப்படுவதோ ஊசிக்கண் போன்ற துளை வழியே.

இவ்வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் தாய்மார்களுக்கே இனி எழுதுவது. அத்துளையின் முன் விரல் அகப்பட்டால் வர்ணம் தோலைத் துளைத்து உட்புகும். வெளியே முள் குத்தியது போன்ற ஒரு புள்ளிதான். முதலில் வலியும் அதிகமிராது. உள்ளேயோ வர்ணம் தசைநாண் வழியே பரவி விரலையே அழித்துவிடும். "சிறு காயந்தானே" என்று பிளாஸ்திரி ஒட்டி அனுப்பும் மேஸ்திரிகள் உண்டு. அவர் பேச்சைக் கேட்டு இரவைக் கழிக்கலாகாது. அப்பொழுதே மருத்துவமனைக்குச் சென்று, 'அதிக அழுத்தத்தில் வர்ணம் உள்ளே புகுந்தது' என்று மருத்துவரிடம் சொல்லவேண்டும். அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்திற்குள் தேவைப்படும். வர்ண டப்பாவின் பெயர்ச்சீட்டையும் கையோடு கொண்டு செல்க.

துளை அடைத்துக்கொண்டால் பம்பை நிறுத்தி, குழாயிலுள்ள அழுத்தத்தை வெளியேற்றி, விசையைப் பூட்டிய பின்னரே அதைத் தொடவேண்டும். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. இன்றிரவு பிள்ளை உண்ண அமரும்போது இதைச் சொல்லி வையுங்கள்.