தமிழ் எழுத்து வகுப்பு நிரலகம்: இலக்கண வகைப்பாடும் மறுபயன்பாடும்

முன்னுரை

சொல்லடைவு, பிழைதிருத்தி, யாப்பாய்வி எனத் தமிழ்க் கணினிச் செயலிகள் பலவாயினும், எழுத்தைப் பிரித்தறிதலே அவற்றின் பொதுவான முதற்படியாகும். இப்படியை ஒவ்வொரு செயலிக்கும் புதிதாக எழுதும்போது உழைப்பு வீணாவதோடு, ஒரே நூலுக்கு வேறுவேறு எழுத்தெண்ணிக்கை கிடைக்கும் நிலையும் ஏற்படுகிறது. ஒருமுறை எழுதிப் பலமுறை பயன்படுத்தத்தக்க பொருள்நோக்கு வகுப்பு நிரலகம் இதற்குத் தீர்வாகும். பைத்தான் மொழியில் அத்தகைய நிரலகத்தின் வகுப்புகளை எவ்வாறு பகுப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்தும் குறியீட்டுப் புள்ளியும்

தரவையும் அத்தரவின்மீது நிகழும் செயல்களையும் ஒருங்கே கொண்ட வரையறையே வகுப்பு எனப்படும். நார்வேயில் ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகியோர் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் இக்கருத்து முதன்முதலில் வடிவம் பெற்றது.

'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஆயின் பைத்தான் அதன் நீளத்தை 5 எனத் தருகிறது. ஒருங்குறியில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீட்டுப் புள்ளிகளாக இருப்பதே இதற்குக் காரணம். 'கொ' என்னும் எழுத்தை இரு புள்ளிகளாலும் மூன்று புள்ளிகளாலும் எழுத இயலும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டையும் பைத்தான் வெவ்வேறு சரங்களாகவே கொள்ளும். எனவே, உள்ளீட்டை ஒரே வடிவிற்கு இயல்பாக்கி எழுத்துகளாகப் பிரிக்கும் பணியை நிரலகத்தின் நுழைவாயிலிலேயே முடித்துவிட வேண்டும். அதன்பின் பயன்படுத்துவோர் குறியீட்டுப் புள்ளிகளை அறிய வேண்டிய தேவை எழாது.

மரபுரிமையா, உள்ளடக்கமா?

'எழுத்து' என்பதை அடிப்படை வகுப்பாகக் கொண்டால் உயிர், மெய், ஆய்தம் ஆகியவை அதன் துணைவகுப்புகளாகும். உயிர்மெய்யை உயிர், மெய் ஆகிய இரண்டின் மரபுரிமையும் பெற்ற வகுப்பாக அமைக்கலாம் எனத் தோன்றும். ஆயின் அது பிழையான அமைப்பு. உயிர்மெய் ஒரு மெய்யையும் ஓர் உயிரையும் தன்னுள் கொண்டதே அன்றி, உயிரின் ஒரு வகையோ மெய்யின் ஒரு வகையோ அன்று. மாத்திரைக் கணக்கு இதனை உறுதிப்படுத்தும். மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று; எனினும் 'க' ஒன்றரை மாத்திரை பெறுவதில்லை, ஒரு மாத்திரையே பெறுகிறது. ஆகவே உயிர்மெய் வகுப்பு, மாத்திரை பற்றிய வினாவைத் தன்னுள் உள்ள உயிரிடம் ஒப்படைக்க வேண்டும்.

குற்றியலுகரம் மற்றொரு வரம்பைக் காட்டுகிறது. 'நாடு', 'நடு' ஆகிய இரண்டின் ஈற்றிலும் 'டு' உள்ளது. முன்னது குற்றியலுகரம், தனிக்குறிலை அடுத்து வந்தமையால் பின்னது முற்றியலுகரம். எழுத்தை மட்டும் நோக்கி இதனை அறிய இயலாது. எனவே இச்செயற்கூறு 'சொல்' வகுப்பிற்கு உரியது.

மறுபயன்பாட்டின் தேவைகள்

சார்பெழுத்துகளைத் தொல்காப்பியம் மூன்றாகவும், உயிர்மெய்யையும் உள்ளடக்கி நன்னூல் பத்தாகவும் கொள்கின்றன. இவற்றுள் ஒன்றை வகுப்புகளின் படிநிலையிலேயே பதித்துவிட்டால் மற்றதைப் பின்பற்றும் ஆய்வுக்கு நிரலகம் பயன்படாது. ஆகவே வகைப்பாட்டைத் தனி வகுப்பாக்கி, வேண்டியதைத் தேர்ந்துகொள்ள இடமளித்தல் வேண்டும். பழைய நிரலைத் திருத்தாமலே விரிவாக்க இயல வேண்டும் என 1988இல் பெர்ட்ரண்ட் மேயர் வகுத்த திறந்த-மூடிய நெறிக்கும் இது பொருந்துவதாகும்.

அகரவரிசையும் இத்தகையதே. குறியீட்டுப் புள்ளி வரிசையில் னகரம் யகரத்திற்கு முன் நிற்பதால் 'மனம்' என்பது 'மயில்' என்பதற்கு முன் வருகிறது. தமிழ் நெடுங்கணக்கில் னகரமே இறுதி மெய். ஒப்பிடும் செயற்கூறு எழுத்து வகுப்பிலேயே அமைந்தால் எல்லாச் செயலிகளும் ஒரே முறையான வரிசையைப் பெறும்.

முடிவுரை

வகுப்பு நிரலகத்தின் மறுபயன்பாடு நிரல்மொழித் திறனால் மட்டும் அமைவதன்று. எப்பண்பு எவ்வலகிற்கு உரியது என்னும் தெளிவால் அமைவது. அத்தெளிவைத் தமிழ் இலக்கண மரபு ஏற்கெனவே வழங்கியுள்ளது. எனவே இத்தகைய நிரலகத்தின் வடிவமைப்பில் இலக்கண ஆய்வாளர் தொடக்கத்திலிருந்தே பங்குபெறுதல் இன்றியமையாதது.