கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு

பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஒரு நாள் காலை வார்டு சுற்றில் பேராசிரியர் கேட்ட கேள்விக்குத் தவறாக விடை சொன்னேன். கையிலிருந்த கேஸ் ஷீட்டை அவர் என் முகத்துக்கு நேரே வீசினார். நோயாளிகளும் செவிலியர்களும் உடன் பயின்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தனர். அன்றைய கேள்வி இன்று எனக்கு நினைவில்லை. தரையில் சிதறிய தாள்களைப் பொறுக்கியது நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் இரவுப் பணியில் நோயாளி ஒருவருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. மூத்த மருத்துவரை எழுப்ப அஞ்சி அரை மணி நேரம் தயங்கினேன். நோயாளி பிழைத்துக்கொண்டார், அதில் என் பங்கு ஏதுமில்லை. மாணவரை அவமதித்தால், அதன் விளைவு கட்டிலில் படுத்திருப்பவரையும் எட்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மருத்துவ மாணவர் துன்புறுத்தல் என்றதும் ராகிங்தான் நம் நினைவுக்கு வருகிறது. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. குற்றவாளிக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. புகார் மீது நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனத் தலைவரும் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும், 2021-இல் தேசிய மருத்துவ ஆணையமும் ராகிங் தடுப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டன.

விடுதியில் மூத்த மாணவர் செய்வதற்குச் சட்டம் இருக்கிறது. வார்டில் ஆசிரியரோ முதுநிலை மாணவரோ செய்வது 'பயிற்சி' என்ற பெயரில் மறைந்துவிடுகிறது. மருந்தளவைத் தவறாக எழுதிய மாணவரைத் தடுத்துத் திருத்துவது ஆசிரியரின் கடமை. அதே தவறுக்காக அவருடைய சாதியை, பாலினத்தை, தமிழ்வழிக் கல்வியை இழித்துப் பேசுவது துன்புறுத்தல். சொந்த வேலைகளை ஏவுவதும், மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டுவதும் அவ்வாறே.

பிறகு ஏன் யாரும் புகார் செய்வதில்லை? யார் மீது புகாரோ, அவரே பெரும்பாலும் மாணவரின் பதிவேட்டில் கையொப்பமிடுகிறார். அகமதிப்பீட்டு மதிப்பெண் வழங்குகிறார். செய்முறைத் தேர்விலும் எதிரே அமர்கிறார். இந்நிலையில் துறைத் தலைவரிடம் முறையிடுமாறு மாணவருக்கு அறிவுரை கூறுவதில் பொருளில்லை.

பாதிக்கப்பட்டவர் நடந்ததை அன்றே எழுதி வைக்க வேண்டும்: நாள், இடம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தவர்கள். ராகிங் எனில் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். பாலியல் துன்புறுத்தல் எனில் 3 மாதங்களுக்குள் உள்ளகப் புகார்க் குழுவை அணுகலாம். அக்குழுவில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். இந்த ஏற்பாட்டை மற்ற புகார்களுக்கும் விரிவுபடுத்தலாம். துறைக்கு அப்பாற்பட்ட குழுவொன்று வேண்டும். புகாரளித்தவரை வேறு பிரிவுக்கு மாற்றவும், அவருக்கு வேறு தேர்வாளரை அமர்த்தவும் அதற்கு அதிகாரம் வேண்டும். எத்தனை புகார்கள் வந்தன, என்ன செய்யப்பட்டது என்பதைப் பெயர்களின்றி அது வெளியிடவும் வேண்டும்.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம், படிப்பை முடிக்கும் மாணவர்களிடம் பலர் முன்னிலையில் அவமதிக்கப்பட்டீர்களா என்று ஆண்டுதோறும் கேட்கிறது. நம் கல்லூரிகளும் கேட்கலாம். படிப்பு முடிந்தபின், பெயர் குறிப்பிடாமல் பதில் சொல்ல மாணவருக்கு அச்சமிராது.

விதிகள் மட்டும் போதா என்பதற்கு நானே சான்று. ஆசிரியரான பின், ஒரு மாணவியை நோயாளியின் முன்னிலையில் ஏளனமாகப் பேசினேன். மறுநாள் முதல் அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். அதைக் கவனிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. எந்த வகுப்பின் முன் ஏளனம் செய்தேனோ, அதே வகுப்பின் முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நள்ளிரவில் ஒரு பயிற்சி மருத்துவர், "ஐயா, எனக்குத் தெரியவில்லை, உடனே வாருங்கள்" என்று தயங்காமல் அழைக்க முடிகிற மருத்துவமனையே நோயாளிக்குப் பாதுகாப்பானது. அந்தத் துணிவைத் தருவதும் மருத்துவக் கல்வியின் ஒரு பகுதிதான்.