டிசம்பர் 25-ஆ, ஜனவரி 7-ஆ? ‘இயர் எண்ட்’ லீவை முடிவு செய்வது யார்?

டிசம்பர் கடைசி வாரம் வந்தாலே, உலகமே லீவில் இருக்கிற மாதிரி ஒரு ஃபீல் வந்துவிடும். ஆனால், டிசம்பர் 25 அன்று ஜப்பானில் ஆபீஸ் உண்டு. எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸுக்கு இன்னும் 13 நாள் பாக்கி. உக்ரைனிலோ, அந்தத் தேதியே ஓர் அரசியல் முடிவு. எப்படி?

ஒரே பண்டிகை, ஏன் இரண்டு தேதி?

ஜூலியஸ் சீசர் கொண்டுவந்த காலண்டரில், ஓர் ஆண்டின் நீளம் சுமார் 11 நிமிடம் அதிகம். அந்த நிமிடங்கள் சேர்ந்து சேர்ந்து நாட்களாகிவிட்டன. 1582-ல் போப் 13-ம் கிரகோரி, 10 நாட்களை நீக்கி இதைச் சரிசெய்தார். இன்று நாம் பயன்படுத்துவது அந்தக் காலண்டர்தான்.

ஆனால், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை உள்ளிட்ட சில திருச்சபைகள், வழிபாட்டுக்குப் பழைய காலண்டரையே வைத்துக்கொண்டன. இரண்டுக்கும் இப்போது 13 நாள் வித்தியாசம். அதாவது, அவர்களின் டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7.

உக்ரைன் ஏன் தேதியை மாற்றியது?

உக்ரைனிலும் பெரும்பாலானோருக்கு ஜனவரி 7-தான் கிறிஸ்துமஸாக இருந்தது. 2017-ல் டிசம்பர் 25-ம் அரசு விடுமுறை ஆனது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா முழுவீச்சில் படையெடுத்த பிறகு, நிலைமை மாறியது. விரும்பும் தேவாலயங்கள் டிசம்பர் 25 அன்றே வழிபாடு நடத்தலாம் என, மாஸ்கோவின் கட்டுப்பாட்டில் இல்லாத உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அந்த ஆண்டே அனுமதித்தது. 2023 செப்டம்பர் 1 முதல் புதிய காலண்டருக்கு மாறியது.

இதற்கிடையே, 2023 ஜூலையில் அதிபர் ஸெலன்ஸ்கி கையெழுத்திட்ட சட்டம், ஜனவரி 7 விடுமுறையை நீக்கியது. ரஷ்யா திணித்த மரபைக் கைவிடுவதே இதன் நோக்கம் என்று அந்த மசோதாவின் விளக்கக் குறிப்பு சொன்னது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். போர்க்காலச் சட்டம் அமலில் இருப்பதால், அங்கே பண்டிகை நாட்களில்கூட லீவு கட்டாயமில்லை. லீவே கிடைக்காத ஒரு நாளுக்காகத்தான் இத்தனை முயற்சி. ‘நாங்கள் யாரோடு சேர்ந்தவர்கள்?’ என்ற கேள்விக்கு அந்தத் தேதி ஒரு பதில்.

ரஷ்யாவில் எது பெரிய பண்டிகை?

கிறிஸ்துமஸைவிடப் புத்தாண்டுதான். சோவியத் ஆட்சியில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு எதிராகப் பிரசாரம் நடந்தது. 1935-ல் அதே மரம், ‘புத்தாண்டு மரம்’ என்ற பெயரில் திரும்பி வந்தது. சாமி இல்லை, மரம் மட்டும்!

ஜப்பானில் என்ன கதை?

ஜப்பானியர்கள் கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்குவார்கள், கேஎஃப்சி சிக்கன் சாப்பிடுவார்கள். 1970-களில் அந்த நிறுவனம் செய்த விளம்பரம் அப்படியே பழக்கமாகிவிட்டது. ஆனால், அன்று அரசு விடுமுறை கிடையாது. அங்கே குடும்பம் ஒன்றுகூடுவது புத்தாண்டுக்குத்தான். அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடியிருக்கும்.

அந்தப் புத்தாண்டும் 1873-ல்தான் ஜனவரி 1-க்கு வந்தது. பழைய காலண்டர்படி அந்த ஆண்டில் ஓர் அதிக மாதம் வரவேண்டும். அரசு ஊழியர்களுக்கு 13 மாதச் சம்பளம் தரவேண்டியிருக்கும். காலண்டரை மாற்றியதில் அந்தச் செலவு மிச்சம்!

சட்டம் போட்டால் பண்டிகை மாறிவிடுமா?

எப்போதும் இல்லை. 1930 வாக்கில் சீன அரசு, பழைய சந்திரப் புத்தாண்டைக் கைவிட்டு ஜனவரி 1-ஐக் கொண்டாடச் சொன்னது. மக்கள் கேட்கவில்லை. இன்றும் சீனாவின் பெரிய விடுமுறை அந்தப் பழைய புத்தாண்டுதான்.

நம்ம ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2008-ல் திமுக அரசு, தை 1-தான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் கொண்டுவந்தது. 2011-ல் அதிமுக அரசு அதை ரத்து செய்து, மீண்டும் சித்திரை 1-க்கே போனது. விவாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

உக்ரைனில் கதை வேறு. அங்கே சட்டம் வருவதற்கு முன்பே தேவாலயங்களில் மாற்றம் தொடங்கிவிட்டது. ஆனாலும், அங்கே ஜனவரி 7-ஐ விடாதவர்களும் இருக்கிறார்கள். அரசு மாற்றியது விடுமுறைப் பட்டியலை. எந்த நாளில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை இன்னமும் வீடுகள்தான் முடிவு செய்கின்றன.