ஐம்பது பேர் எப்போது ஒரு குழு ஆகிறார்கள்?

ஓர் எளிய கணக்குடன் தொடங்குவோம். ஒருவர் தனியாகக் கயிற்றை இழுக்கும்போது 400 நியூட்டன் விசை செலுத்துகிறார். அவரைப் போன்ற எட்டுப் பேர் சேர்ந்து அதே கயிற்றை இழுத்தால் மொத்த விசை எவ்வளவு?

"இது என்ன பெரிய கணக்கு? 3,200 நியூட்டன்" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். வகுப்பறையில் இந்த விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் கயிற்றின் மறுமுனையில் ஒரு விசைமானியைக் கட்டிப் பாருங்கள். அது 3,200-ஐத் தொடுவதில்லை!

குறைந்துபோன விசை எங்கே போயிற்று? அதை மீட்பது எப்படி? பல ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்துவரும் நான், இக்கேள்விகளின் முழுப் பொருளையும் ஆய்வுக்கூடத்தில் அறியவில்லை. ஒரு மாணவர் முகாமில், ஊருணியின் வண்டல் மண்ணில் நின்றுகொண்டுதான் அறிந்தேன்.

கயிறு சொல்லும் கணக்கு

முதலில் கயிற்றைப் பார்ப்போம். பிரான்சு நாட்டு வேளாண்மைப் பொறியாளர் ரிங்கல்மான் 1880-களில் மனிதர்களைக் கயிறு இழுக்க வைத்து, அவர்கள் செலுத்தும் விசையை அளந்தார். தம் முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். ஆட்கள் கூடக் கூட மொத்த விசை கூடியது. ஆனால் ஓர் ஆளுக்கு விழும் பங்கு குறைந்துகொண்டே வந்தது. அவர் தந்த அட்டவணைப்படி, எட்டுப் பேர் சேரும்போது ஒவ்வொருவரும் தனியாகச் செலுத்தக்கூடியதில் ஏறத்தாழப் பாதியையே செலுத்துகிறார்கள்.

இதற்கு இயற்பியல் காரணம் ஒன்று உண்டு. விசை ஒரு திசையன் அல்லவா? எட்டுப் பேரும் ஒரே திசையில், ஒரே நொடியில் இழுத்தால்தான் விசைகள் முழுமையாகக் கூடும். ஒருவர் சற்றுப் பக்கவாட்டில் இழுப்பார். இன்னொருவர் மூச்சு வாங்குவார். தேர் வடம் பிடிப்பவர்கள் ஏன் ஒரே குரலில் ஓசை எழுப்புகிறார்கள் என்பது இப்போது புரிகிறதா? அந்தக் குரல் எல்லாருடைய விசையையும் ஒரே கணத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது.

ஆனால் அது பாதிக் காரணமே. 1974-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் சிலர் ஒரு தந்திரம் செய்தனர். ஒருவரின் கண்ணைக் கட்டி, கயிற்றின் முன்வரிசையில் நிறுத்தி, "உங்களுக்குப் பின்னால் வேறு சிலரும் இழுக்கிறார்கள்" என்று சொல்லி நம்ப வைத்தனர். உண்மையில் பின்னால் யாருமே இழுக்கவில்லை. அப்படியிருந்தும் அவர் தனியாக இழுத்ததைவிடக் குறைவாகவே இழுத்தார்! திசை மாறவில்லை, நேரம் பிசகவில்லை, முயற்சிதான் குறைந்தது. 1979-இல் கை தட்டச் சொல்லியும் கூச்சலிடச் சொல்லியும் பார்த்தார்கள். அங்கும் அதே கதை. 1981-இல் "ஒவ்வொருவரின் ஒலியும் தனித்தனியே அளக்கப்படுகிறது" என்று தெரிவித்தபோது இந்தக் குறை மறைந்தது.

தன் பங்கு யார் கண்ணிலும் படாது என்று எண்ணும்போது மனிதன் கொஞ்சம் தளர்கிறான். இதைச் சோம்பல் என்று திட்டிவிடுவது எளிது. ஆனால் "நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்" என்ற எண்ணம் சோம்பலைவிட ஆழமானது. அதை நான் நேரில் கண்டேன்.

நான் செய்த தவறு

நாட்டு நலப்பணித் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது அது. இதன் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றுக்குத் திட்ட அலுவலரின் துணைவனாகச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்; 50 மாணவ மாணவியர். காலையில் ஊருணியைத் தூர் வாருதல், மாலையில் தலைமைப் பண்புப் பயிற்சி என்று திட்டம்.

முதல் நாளே துறைவாரியாக ஐந்து அணிகள் பிரித்தேன். அணிக்கொரு தலைவர், சுவரில் ஒரு மதிப்பெண் பட்டியல், கடைசி நாளில் பரிசு. அன்று மாலை புதுக் கயிறு வாங்கி வந்து இழுவைப் போட்டியும் நடத்தினேன். ஒரே ஆரவாரம்! "நன்றாக ஒட்டிவிட்டார்கள்" என்று மகிழ்ந்தேன்.

ஒட்டியது உண்மை, ஆனால் அணிக்குள் மட்டுமே ஒட்டினார்கள். இரண்டாம் நாள் மாலை, சமையலுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டிய அணி, தங்கள் அணியின் குளியலுக்கு மட்டும் குடங்களை நிரப்பிக்கொண்டது. அடிபம்போ அரை கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அன்று இரவு உணவு பத்து மணிக்குத்தான் வெந்தது. வாய்ச்சண்டை கைகலப்பாகாமல் தடுப்பதே பெரும் பாடாயிற்று.

அந்தச் சண்டையில் கலந்துகொள்ளாத ஒருவர் இருந்தார். முதலாண்டு மாணவர்; அதிகம் பேசாதவர். அவர் மூலையில் அமர்ந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தார். "ஏன்ப்பா?" என்று கேட்டேன். "நான் போனா யாருக்கும் தெரியவே தெரியாது, சார்" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு ஒரு நாள் பாருப்பா. பிடிக்கலைன்னா நானே பஸ் ஏத்தி விடுறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஓக்லஹோமாவில் ஒரு முகாம்

அன்றிரவு எனக்கு 1954-இல் நடந்த ஒரு முகாம் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில், முசாபர் செரீப் என்ற உளவியல் அறிஞர் நடத்திய முகாம் அது. பதினொரு, பன்னிரண்டு வயதுடைய 22 சிறுவர்களை இரு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே தங்க வைத்தார். ஒரு குழு தன்னைக் 'கழுகுகள்' என்றது. மற்றது கிலுகிலுப்பைப் பாம்பின் பெயரைச் சூட்டிக்கொண்டது. பிறகு பரிசுப் போட்டிகள் வைத்தார். சில நாட்களில் ஒருவர் கொடியை மற்றவர் எரிப்பதும், குடிலுக்குள் புகுந்து சூறையாடுவதுமாக முகாம் போர்க்களமாயிற்று.

அடுத்து, இரு குழுவினரையும் ஒன்றாக உண்ண வைத்தார். ஒன்றாகப் படம் பார்க்க வைத்தார். பயனில்லை. உணவையே ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள்! பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பதால் மட்டும் நட்பு வந்துவிடுவதில்லை.

பிறகு முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றது. காரணத்தைக் கண்டுபிடிக்க எல்லாருமே தேட வேண்டியிருந்தது. இன்னொரு நாள், உணவு வாங்கிவர வேண்டிய சரக்குந்து நகர மறுத்தது. ஒரு குழுவால் அதை இழுக்க முடியாது. இழுவைப் போட்டியில் எதிரெதிராக நின்று பிடித்த அதே கயிற்றை எடுத்து வந்து, இரு குழுவினரும் ஒரே பக்கம் நின்று இழுத்தனர். இப்படிப் பல வேலைகள் செய்த பிறகே பகை கரைந்தது. வீடு திரும்பும்போது ஒரே பேருந்தில் வந்தார்கள். ஒரு குழு தான் வென்ற ஐந்து டாலரில் எல்லாருக்கும் பானம் வாங்கிக் கொடுத்தது.

இந்த ஆய்வில் குறைகளும் உண்டு. இடர்கள் பலவும் ஆய்வாளர்கள் தாமே ஏற்படுத்தியவை. தாங்கள் ஆராயப்படுகிறோம் என்பது சிறுவர்களுக்குத் தெரியாது. அதற்கு முந்திய ஆண்டு இதேபோல் நடத்திய முகாம் தோற்றுப்போயிற்று. அங்கே சிறுவர்கள் முதலிலேயே ஒருவரோடொருவர் பழகிவிட்டார்கள். பிறகு பகைக்க மறுத்துவிட்டார்கள்! இந்தத் தோல்வியும் ஒரு பாடம்தான். முதல் நாளே அணி பிரித்த என் தவறு எனக்கு விளங்கியது.

மூன்றாம் நாள் காலை மதிப்பெண் பட்டியலைச் சுவரிலிருந்து கிழித்தேன். ஆனால் தண்ணீர் நிற்கவோ வண்டி பழுதாகவோ நான் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை. ஊருணி இருந்தது.

ஊருணிக் கரையில் ஒரு கணக்கு

எங்களிடம் இருந்தவை 16 இரும்புச் சட்டிகளே. முதல் இரு நாட்களும் ஒவ்வொருவரும் ஒரு சட்டி மண்ணைத் தலையில் வைத்து 3 மீட்டர் உயரக் கரையில் ஏறிக் கொட்டிவிட்டு இறங்கினோம். மூன்று மணி நேரத்தில் 500 சட்டி கூட ஏறவில்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கேட்டார்: "ஆளுக்கொரு நடை எதுக்குய்யா? கைமாத்தி விடுங்க!"

அவர் சொன்னதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மாணவரின் நிறை 50 கிலோகிராம். மண்ணுடன் சட்டி 10 கிலோகிராம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொள்வோம். ஒரு முறை கரையேறச் செய்யும் வேலை 60 × 10 × 3 = 1,800 ஜூல். இதில் சட்டியை உயர்த்தச் செலவானது 10 × 10 × 3 = 300 ஜூல் மட்டுமே. ஆறில் ஐந்து பங்கு நம் உடலைத் தூக்கவே போய்விடுகிறது! வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றினால் உடல்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். சட்டி மட்டும் ஏறும். (குனிவதற்கும் தாங்கிப் பிடிப்பதற்கும் தசைகள் தனியே ஆற்றல் செலவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.)

எனவே 20 பேர் மண் சட்டியை ஏற்ற ஒரு வரிசை, 12 பேர் காலிச் சட்டியை இறக்க ஒரு வரிசை, எட்டுப் பேர் வெட்டி நிரப்ப. மீதிப் பேர் சமையலில். யார் எந்தத் துறை என்று பார்க்க நேரமில்லை. உயரம் பார்த்து நின்றோம்.

மனிதச் சங்கிலியில் ஒரு விந்தை உண்டு. எல்லாரும் 3 நொடியில் சட்டியை மாற்றினால் நிமிடத்துக்கு 20 சட்டி மேலே போகும். ஒரே ஒருவருக்கு 6 நொடி ஆனால்? 19 பேர் எவ்வளவு விரைந்தாலும் நிமிடத்துக்குப் பத்துதான். சங்கிலியின் வேகம் மிக மெதுவான கண்ணியின் வேகமே. கயிற்றில் ஒருவர் தளர்ந்தால் யாருக்கும் தெரியாது. சங்கிலியிலோ ஒருவர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் சட்டி நின்றுவிடும்.

எங்கள் சங்கிலி கரையின் செங்குத்தான ஓரிடத்தில் தடுமாறியது. அங்கே நின்றவர், முந்தின இரவு பையைக் கட்டிய அதே மாணவர். யாரோ "சீக்கிரம்!" என்று கத்தினார்கள். அவர் பதில் பேசாமல் கால்மணி நேரம் கவனித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சார், காலிச் சட்டிய இறக்க ஆளே வேண்டாம். சரிவுல உருட்டி விட்டா அதுவே வந்துடும். அந்தப் பன்னிரண்டு பேர்ல ரெண்டு பேர எங்கூட நிறுத்துங்க."

எவ்வளவு சரியான இயற்பியல்! மேலே உள்ள சட்டியிடம் நிலையாற்றல் இருக்கிறது. அதைக் கீழே கொண்டுவர நாம் ஏன் ஆற்றல் செலவிட வேண்டும்? உருளும் சட்டி காலில் மோதாதபடி பாதை ஒதுக்கித் தடுப்பு கட்டினோம். தடுப்புக்குக் கிடைத்தது இழுவைப் போட்டிக் கயிறுதான்! செங்குத்தான இடத்தில் இருவரைக் கூடுதலாக நிறுத்தினோம். நான்காம் நாள் அதே மூன்று மணி நேரத்தில் 1,400 சட்டி மண் கரையேறியது. அன்று மாலை அந்த மாணவரின் பெயர் முகாமில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பஸ் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தலைவர் எங்கே நிற்க வேண்டும்?

1939-இல் கர்ட் லெவின் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பத்து வயதுச் சிறுவர்களின் கைவேலைக் குழுக்கள் சிலவற்றில் தலைவர் கட்டளை மட்டும் இட்டார். வேறு சிலவற்றில் சிறுவர்களுடன் கலந்து பேசி முடிவு செய்தார். தலைவர் அறையை விட்டு வெளியேறியபோது வேறுபாடு தெரிந்தது. கட்டளைக் குழுவில் வேலை பெரிதும் சரிந்தது. கலந்து பேசிய குழுவில் ஏறத்தாழ முன்போலவே நடந்தது.

ஐந்தாம் நாள் நானும் இதைச் சோதித்தேன். வேலை நடந்துகொண்டிருந்தபோதே வரிசையை விட்டு விலகி, ஊருக்குள் சென்று ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. என் இடத்தில் ஒருவர் நின்றிருந்தார். நான் இல்லாததை யாரும் கவனிக்கவே இல்லை. கொஞ்சம் வருத்தமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்!

உங்களில் பலர் வகுப்புத் தலைவராகவோ சாரணர் அணித் தலைவராகவோ இருக்கலாம். முன்னால் நின்று கூவுவதே தலைமை என்று நானும் நினைத்திருந்தேன். தலைவர் சங்கிலி தடுமாறும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். அங்கே இருப்பவரை விரட்டாமல், "இந்த இடத்தில் என்ன கடினம்?" என்று கேட்க வேண்டும். அந்த இடத்தின் கடினம் அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும்.

நீங்களே செய்து பாருங்கள்

பத்து நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி மாடிப்படியின் அடியில் 60 புத்தகங்களை வையுங்கள். முதல் முறை ஒவ்வொருவரும் ஒரு நேரத்தில் இரண்டு புத்தகங்களாகச் சுமந்து மாடியில் சேர்க்கட்டும். அடுத்த முறை படிகளில் நின்று கைமாற்றுங்கள். இரு முறையும் ஆன நேரத்தைக் குறியுங்கள். உங்கள் நிறையையும் மாடியின் உயரத்தையும் அளந்து, செய்த வேலையைக் கணக்கிடுங்கள். பிறகு புத்தகங்கள் எங்கே தேங்கின என்று பாருங்கள். அங்கே நின்ற நண்பரிடம் என்ன மாற்றலாம் என்று கேட்டு, அதன்படி மூன்றாம் முறை செய்யுங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். மனிதர்கள் கயிற்றில் கட்டிய விசைகள் அல்லர். எந்தச் சூத்திரமும் அவர்களை முழுமையாக விளக்கிவிடாது. ஆனால் உங்கள் வகுப்பிலும் "நான் போனா யாருக்கும் தெரியாது" என்று எண்ணிக்கொண்டு கடைசி இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். அடுத்த முறை வேலை பிரிக்கும்போது, அவர் இல்லாவிட்டால் நின்றுபோகும் ஒரு வேலையை அவருக்குக் கொடுத்துப் பாருங்கள்.