டேங்க்: ஒரு சொல், மூன்று பொருள்

கொரட்டூர் ஏரியை ஆங்கிலப் பதிவேடுகளில் ‘டேங்க்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். மேற்கே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாராகும் போர் வண்டிக்கும் அதே பெயர். மருந்தடிக்க நாம் முதுகில் சுமப்பதும் டேங்க்தான்.

இச்சொல் இங்கிலாந்தில் பிறந்ததாகத் தெரியவில்லை. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மழைநீரைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டியை ‘டாங்கா’ என்பார்கள். குளத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல் ‘டாங்கே’. இவ்விரண்டும் கலந்தே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போயிற்று என்பது அறிஞர் பலரின் கருத்து. ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என்ற பெயர்களில் உள்ள நம் ‘தாங்கல்’தான் மூலம் என்று சில நண்பர்கள் வாதிடுவதுண்டு. கேட்க இனிமைதான், ஓசை ஒற்றுமை மட்டும் சான்றாகாது.

முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் புதிய போர் வண்டியை இரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி என்று பெயர் சொல்லி மறைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று அது போர்க்களம் புகுந்தது. பெயர் நிலைத்துவிட்டது. ஆவடியில் 1965இல் முதல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது.

தொட்டி என்ற பொருளிலேயே ஏரியையும் பார்ப்பதுதான் தொல்லை. தொட்டிக்குச் சுவர் இருந்தால் போதும். ஏரிக்கு வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல், ஆயக்கட்டு எல்லாம் வேண்டும். அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூருக்கும், இங்கிருந்து ரெட்டேரிக்கும் போகும். கொரட்டூரில் ஆயக்கட்டு வீட்டு மனைகளாகிவிட்டது. மழைநீர் வந்த வழியில் கழிவுநீரும் வந்தது. ஆயக்கட்டு போன ஏரிக்குக் கேட்பார் குறைவு. உங்கள் ஊர் ஏரியின் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவானால் ஊராட்சி ஒன்றியத்திடமும், அதற்கு மேற்பட்டால் நீர்வளத் துறையிடமும் முறையிட வேண்டும்.

இனி முதுகிலுள்ள டேங்க். “ஒரு டேங்குக்கு எவ்வளவு மருந்து ஐயா?” இந்தக் கேள்வியைக் கேட்காத கிராமமில்லை. எந்த டேங்க் என்று நான் திருப்பிக் கேட்டால் சிரிப்பார்கள். 10 லிட்டரும் உண்டு, 16 லிட்டரும் உண்டு. 3 சத வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு 10 லிட்டர் டேங்கில் 300 மில்லி. 16 லிட்டரில் 480 மில்லி. பெரிய டேங்கிலும் 300 மில்லியே ஊற்றினால் கரைசல் 2 சதத்துக்கும் கீழே போய்விடும். பூச்சி சாகவில்லை, எண்ணெய் போலி என்று கடைக்காரரோடு சண்டை வரும்.

விசைத் தெளிப்பானில் ஏக்கருக்குத் தண்ணீர் குறையும். சீட்டில் ஏக்கருக்கு என்று போட்டிருக்கும் மருந்தின் அளவு குறையாது. ஏக்கருக்கு 400 மில்லி என்றால், 200 லிட்டர் தண்ணீரில் அடிக்கும்போது 10 லிட்டர் டேங்குக்கு 20 மில்லி. கைத்தெளிப்பானை முதலில் வெறும் தண்ணீரால் நிரப்பி ஒரு சென்ட் நிலத்தில் அடித்துப் பாருங்கள். செலவான தண்ணீரை நூறால் பெருக்கி, டேங்கின் கொள்ளளவால் வகுத்தால் உங்கள் ஏக்கருக்கு எத்தனை டேங்க் என்று கிடைத்துவிடும்.